பழைய சாம்ப்ளரின் பவர் சப்ளை போனால்: திருத்துவதா, மாற்றுவதா, எதை வைத்து மாற்றுவது?

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்த ராக்கில் பூட்டும் சாம்ப்ளர் (ஒலிகளைப் பதிந்து வைத்து வாசிக்கும் பெட்டி), டிஜிட்டல் ரிவேர்ப் (எதிரொலி சேர்க்கும் பெட்டி), டாட் ரெக்கோடர் (டிஜிட்டல் நாடாவில் பதிவது) என்று ஏதாவது ஒரு பெட்டி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து இசைக்குழுக்களிடமும் சவுண்ட்ஸ் வைத்திருப்பவர்களிடமும் இன்னும் கிடக்கிறது. பெரும்பாலும் அவற்றில் முதலில் சாவது பவர் சப்ளைதான். மெயின் போர்டும் மெமரியும் நல்லாகவே இருக்கும், உள்ளே ஒரு மூலையில் தகர மூடிக்குள் இருக்கிற அந்தச் சின்னப் போர்டில் நாலைந்து கண்டென்சர் (மின்னைத் தேக்கி வைக்கும் பாகம்) வற்றிப்போய் முழுப் பெட்டியும் கிடையில் விழுந்துவிடும். அதே சப்ளையைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை, செய்த கம்பனிகளே அந்தப் பாகத்தை எப்போதோ நிறுத்திவிட்டன.

"லப்டொப் இருக்கும்போது இது எதற்கு" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். எங்கள் குழுவின் சாம்ப்ளருக்கு வேண்டிய பிளாப்பிகளில் ஒரு கூத்து அண்ணாவியார் அடித்த மத்தளமும் சல்லாரியும் தனித்தனி அடிகளாகப் பதிவாகி இருக்கின்றன. அவர் இன்று இல்லை. அந்தப் பிளாப்பிகள் சாம்ப்ளரின் சொந்த முறையில் எழுதப்பட்டவை, கடையில் வாங்கும் யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டால் கொம்பியூட்டர் "போர்மட் செய்யவா" என்றுதான் கேட்கும். தவறிப்போய் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் அத்தோடு போச்சு. ஆகவே அந்தப் பெட்டி ஓட வேண்டும், ஓடுகிற மாதிரி நீண்ட காலம் இருக்கவும் வேண்டும். உங்களிடம் இருப்பதிலும் இப்படி ஏதாவது இருக்கலாம்.

தெரிவுகளுக்குப் போக முன்னம் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஒன்று, உங்கள் பெட்டி 100 வோல்ற்றா 230 வோல்ற்றா. கொள்கலனில் வந்து இறங்குகிற ஜப்பான் பழைய சாமான் அநேகமாக 100 வோல்ற்தான், பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். ஜப்பானின் கிழக்கில் 50 ஹேர்ட்ஸும் மேற்கில் 60 ஹேர்ட்ஸும் ஓடுவதால் அங்கே விற்ற பெட்டிகளில் 50/60 என்று இரண்டும் போட்டிருப்பார்கள், அதனால் ஹேர்ட்ஸ் நமக்குப் பிரச்சினை இல்லை. வோல்ற்தான் பிரச்சினை. இரண்டாவது, பெட்டிக்குள் என்னென்ன வோல்ற் தேவை. அந்தக் காலத்து சாம்ப்ளர்களில் டிஜிட்டல் பக்கத்துக்கு +5, ஓடியோ பக்கத்துக்கு +12, -12 (சிலவற்றில் 15) என்று இருப்பதுதான் வழமை. அநேகமாகச் சப்ளை போர்டிலேயே, வயர் போகும் பிளக்குக்குப் பக்கத்தில், வெள்ளை எழுத்தில் அச்சடித்திருக்கும். எத்தனை அம்பியர் என்று அச்சில் இல்லாவிட்டால் சேர்விஸ் மனுவலைத் தேடுங்கள், அல்லது தகட்டில் இருக்கும் வோட்ஸ் கணக்கை மேல் எல்லையாக வையுங்கள்.

சப்ளைதான் செத்தது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். போட்டதும் "டிக், டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தால் சப்ளை தொடங்கப் பார்த்து விழுகிறது என்று அர்த்தம். அது சப்ளையின் தவறாகவும் இருக்கலாம், மெயின் போர்டில் எங்காவது ஒரு டான்டலம் கண்டென்சர் ஷோட் ஆகியிருந்தாலும் இதே சத்தம்தான். பிளாப்பி சுற்றத் தொடங்கும்போது பெட்டி தானாக ரீசெட் ஆனால் 5 வோல்ற் தொய்கிறது. சூடேறிய பிறகு ஓடியோவில் உறுமல் வந்தால் 12 வோல்ற் பக்கத்துக் கண்டென்சர்கள். பிளக்கைக் கழற்றி வைத்து மெயின் போர்ட் பக்கம் ஒவ்வொரு லைனுக்கும் தரைக்கும் (0 வோல்ற் லைன்) இடையில் ஓம் அளந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி முதல் தெரிவு: இருக்கிற சப்ளையையே திருத்துவது. வெளிநாட்டில் இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் "இதைத் தொடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்" என்பார்கள். அங்கே கூலி கூடுதல், திருத்துகிற ஆளும் குறைவு. நம் நிலைமை வேறு. குழாய் டீவி இருந்த காலம் முழுக்க இதே மாதிரிச் சுவிட்ச்மோட் (மின்னை வேகமாக வெட்டி வெட்டி வோல்ற்றை மாற்றும் வகை) சப்ளைகளைத்தான் நம் ஊர் டீவி திருத்துபவர்கள் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தார்கள். யூசி3842 மாதிரி ஒரு கொன்ட்ரோல் ஐசி, ஒரு மொஸ்பெட், ஒரு சின்ன டிரான்ஸ்போமர், ஒரு ஒப்டோகப்ளர், அவ்வளவுதான். கல்முனையில் எங்கள் சப்ளையைக் கையில் எடுத்துப் பார்த்த காக்கா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) மூடியைத் திறந்த கையோடு சொன்னது: "தம்பி, இது டீவி சப்ளைதான். மறுகா நாளைக்கு வாங்க, ஆனா கண்டென்சர நீங்களே நல்லதா எடுத்துத் தாங்க, கடையில இருக்கிறது கிடந்த சாமான்."

அவர் காட்டியதை எழுத வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்தால்தான் இந்தத் தெரிவு எங்கே வெல்லும், எங்கே தோற்கும் என்று விளங்கும். ஐசிக்குப் பக்கத்தில் பெரிய வோட்ஸ் ரெசிஸ்டர் ஒன்று, அதை உரசிக்கொண்டு சின்ன விரல்நுனி அளவில் ஒரு 47 மைக்ரோபரட் கண்டென்சர். ரெசிஸ்டரின் சூடு முப்பது வருஷமாக அதைச் சுட்டிருக்கிறது. கழற்றினால் அடியில் போர்ட் தேயிலைச் சாயம் போல மண்ணிறமாக இருந்தது, கால் இருந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஈயம் எடுக்க அயன் வைத்ததும் மூக்கில் அடித்தது அப்பட்டமான மீன் வாடை. உள்ளே இருந்த திரவம் கசிந்து போர்டில் ஊறியிருந்தால் சுடும்போது அப்படித்தான் மணக்கும், அது வந்தாலே கண்டென்சரை மாற்றினால் மட்டும் போதாது, அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் போட்டு வடிவாகக் கழுவி, அரித்த செம்பை வயரால் பாலம் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் கண்டென்சர்தான் ஐசியைத் தொடக்கிவிடும் கண்டென்சர். பல "செத்த" சப்ளைகளில் செத்தது இது ஒன்றுதான்.

கண்டென்சர் ஏன் இப்படிச் சாகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 10 பாகை சூடு கூடினால் ஆயுள் பாதி. 85 பாகையில் 2000 மணித்தியாலம் என்று எழுதிய கண்டென்சர் 65 பாகையில் 8000 மணித்தியாலம் ஓடும், 45 பாகையில் 32,000. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே 35 பாகை தாண்டுகிற ஊரில், மூடிய ராக்கில், மேலேயும் கீழேயும் அம்ப்ளிஃபயர் வைத்து ஓட்டினால் உள்ளே 60 பாகை சாதாரணம். அதனால் திருத்துவதென்றால் 105 பாகை, குறைந்த ஈஎஸ்ஆர் (உள்தடை) வகை மட்டும் போடுங்கள். பனசோனிக் எஃப்ஆர், நிச்சிக்கொன் பிடபிள்யூ, ரூபிக்கொன் இசட்எல்எச் போன்றவை பெயர் போனவை, ஆனால் பெயரை மட்டும் அச்சடித்த போலிகளும் ஏராளம், ஆகவே நம்பிக்கையான பெரிய விநியோகஸ்தரிடமிருந்து எடுப்பித்தால்தான் அர்த்தம். மெயின்ஸ் நுழையும் இடத்தில் மஞ்சள் அல்லது தேன் நிறத்தில், உள்ளே கடதாசிச் சுருள் தெரிகிற மாதிரி, வெடிப்புக் கோடுகள் ஓடிய ஒரு பெட்டிக் கண்டென்சர் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். ஈரம் குடித்துக் குடித்து ஒரு நாள் புகையைக் கக்குவதுதான் அதன் வேலை, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கல்லடி மாதிரி இடத்தில் அந்த நாள் சீக்கிரமே வரும்.

இந்தத் தெரிவின் நல்லது: பிளக், வயர், திருகாணி, தரை இணைப்பு எதுவும் மாறாது. பெட்டியை வடிவமைத்தவர் கணக்குப் போட்டு வைத்த வோல்ற்தான் வரும். செலவும் மிகக் குறைவு. கெட்டது: 100 வோல்ற் பெட்டி என்றால் திருத்திய பிறகும் அது 100 வோல்ற்தான். கூடவே 230ஐ 100 ஆக இறக்கும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமரையும் சுமக்க வேண்டும். கோவில் திருவிழாவில் இரவு பதினொரு மணிக்கு அவசரத்தில் யாரோ ஒருவர் நேரே சுவரில் செருகினால் கதை முடிந்தது. 230 வோல்ற் ஏசியை டிசியாக நேராக்கினால் கண்டென்சருக்கு வருவது 325 வோல்ற், 100 வோல்ற் பெட்டியில் அங்கே இருப்பதோ அநேகமாக 200 வோல்ற் கண்டென்சர். வெடிக்கும். போர்ட் கருகிக் கரியாகியிருந்தாலும் திருத்துவதை விடுங்கள். கரி மின்னைக் கடத்தும், அதற்கு மேல் புதிய சாமான் பூட்டிப் பயனில்லை.

இரண்டாவது தெரிவு, அந்தந்த மொடலுக்கென்றே செய்து விற்கும் மாற்றுச் சப்ளைக் கிட். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறிய ஆட்கள் பிரபலமான சாம்ப்ளர்களுக்கு இவற்றைச் செய்கிறார்கள், பழைய திருகாணி ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும், பிளக்கும் அதே பிளக். மின் வேலை தெரியாதவருக்கு இதுதான் பாதுகாப்பானது. ஆனால் தபால் செலவு, சுங்கம், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் நாம் அந்தச் சாம்ப்ளரை வாங்கிய விலையைத் தாண்டிவிடலாம். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் நான் அடுத்து சொல்லப்போகிற அதே தொழிற்சாலைச் சப்ளைதான், கூட ஒரு அடாப்டர் போர்டும் வயரும். வேலை தெரிந்தவர் கையில் இருந்தால் அந்தப் பணத்தை வேறெதற்காவது வையுங்கள்.

மூன்றாவது, என் மனதுக்குப் பிடித்தது: மூன்று வெளியீட்டுத் தொழிற்சாலைச் சப்ளை. மீன்வெல் கம்பனியின் ஆர்டி-65பி என்பது +5, +12, -12 மூன்றையும் ஒரே தகரப் பெட்டியில் தரும், 15 வேண்டுபவர்களுக்கு அதே வரிசையில் 65சி. உள்ளீடு 88 முதல் 264 வோல்ற் வரை எதுவானாலும் சரி. நம் ஊருக்கு இந்த ஒரு வரியே பாதிக் காரணம். கூத்துக் களரியில் இரவு முழுக்க ஜெனரேற்றரில் ஓடும்போது லைட் மங்குவதும் பொங்குவதும் எல்லோரும் பார்த்ததுதான், இந்தச் சப்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 100 வோல்ற் பெட்டி இதைப் பூட்டியதும் உலகம் முழுக்க ஓடும் பெட்டி ஆகிவிடுகிறது, ஸ்டெப் டவுனையும் தூக்கி எறியலாம்.

ஆனால் வாங்கி வயரை ஒட்டினால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இதில் பார்க்க வேண்டியவை நிறைய.

முதலாவது மெயின்ஸ் பக்கம். 100 வோல்ற் பெட்டியின் முன்பக்கச் சுவிட்சை எடுத்துப் பார்த்தால் "125 வோல்ற்" என்று அச்சிட்டிருக்கலாம். பின்பக்க நுழைவாயிலில் இருக்கும் நொய்ஸ் ஃபில்டர் கண்டென்சரும் அப்படியே. சப்ளையை மட்டும் மாற்றி இவற்றை விட்டால் 230 வோல்ற் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகத்தான் வரும். சுவிட்ச், ஃபில்டர், பியூஸ் மூன்றையும் 250 வோல்ற் வகைக்கு மாற்றி, பின்பக்கத் தகட்டில் பழைய "100" என்பதை மறைத்துப் புதியதை எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒருநாள் வேறு யாராவது திறப்பார்கள், அவருக்காக.

இரண்டாவது எர்த். பழைய ஜப்பான் பெட்டிக்கு இரண்டு முள் பிளக், எர்த் இல்லை. புதிய சப்ளைக்கு எர்த் கட்டாயம், உள்ளே மெயின்ஸிலிருந்து பெட்டித் தகரத்துக்கு ஃபில்டர் கண்டென்சர்கள் போகின்றன. எர்த் இல்லாமல் விட்டால் தகரம் மெயின்ஸில் பாதியளவுக்கு மிதக்கும், கை பட்டால் விறுவிறுக்கும், மிக்சரில் செருகும்போது பட்டென்று ஒரு சத்தமும் வரும். மூன்று முள் நுழைவாயில் வெட்டிப் பூட்டி, பச்சை-மஞ்சள் வயரைத் தகரத்தில் பெயின்ற் சுரண்டிய இடத்தில் திருகாணியால் இறுக்குங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான்.

மூன்றாவது தரை, அதாவது 0 வோல்ற் லைன். பழைய சப்ளையிலிருந்து டிஜிட்டல் தரையும் ஓடியோ தரையும் தனித்தனி வயராகப் போயிருக்கும். புதிய சப்ளையில் ஒரே ஒரு பொது முனை. பலரும் ஒரே வயரை இழுத்து வழியில் பிரித்துவிடுகிறார்கள், அப்புறம் மெமரியும் பிளாப்பியும் இழுக்கிற கரண்ட் எல்லாம் ஓடியோ தரை வழியாக ஓடி ஒரு மெல்லிய சீறல் வருகிறது, சப்ளை மட்டம் என்று பழி வருகிறது. சப்ளையின் முனையிலிருந்தே இரண்டு தடித்த வயரைத் தனித்தனியாக எடுத்து, பழையது போன அதே கால்களுக்குக் கொண்டுபோங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் எந்தக் கம்பனிச் சப்ளையும் அமைதியாக இருக்கும்.

நான்காவது சுமை. இந்த வகைச் சப்ளை முக்கியமாக 5 வோல்ற்றைப் பார்த்துத்தான் நிலைப்படுத்துகிறது, +12 டிரான்ஸ்போமரோடு ஒட்டி வருவது. 5 வோல்ற்றில் ஓரளவு கரண்ட் இழுக்காவிட்டால் +12 பக்கம் நகரும். சாம்ப்ளர் மெமரி நிறைய இழுக்கும், அதனால் பயமில்லை. ஆனால் சின்ன ரிவேர்ப் பெட்டிக்கு இதைப் பூட்டுபவர்கள் தரவுத்தாளில் குறைந்தபட்சச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். -12 பக்கம் அரை அம்பியர்தான், அதையும் உங்கள் பெட்டியின் தேவையோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது அதிர்வு நொய்ஸ். சுவிட்ச்மோட் சத்தம் காதுக்கு எட்டாத மேல் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது, அதனால் கவலை இல்லை என்று சொல்வார்கள். ரிவேர்ப், சாம்ப்ளர் மாதிரி உள்ளே ஓடியோவை எண்ணாக்குகிற பெட்டிக்கு அது முழு உண்மை இல்லை. 44.1 கிலோஹேர்ட்ஸில் சாம்பிள் எடுக்கும் பெட்டிக்குள் 50 கிலோஹேர்ட்ஸ் நொய்ஸ் ஏடிசி (ஓடியோவை எண்ணாக்கும் ஐசி) வாசல் வரை வந்துவிட்டால் அது 5.9 கிலோஹேர்ட்ஸாக மடிந்து உள்ளே விழும், காதுக்கு நன்றாகவே கேட்கும், ஒருதரம் பதிவானால் எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. மருந்து எளிது: +12, -12 இரண்டிலும் 22 மைக்ரோஹென்றி சோக் (கம்பிச் சுருள்) ஒன்றும் அதற்குப் பின்னால் 470 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்றும். சின்னத் துண்டு போர்டில் கட்டி, சப்ளைக்குப் பக்கத்தில் இல்லாமல் ஓடியோ போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நான்காவது தெரிவு டிரான்ஸ்போமர் வைத்த லீனியர் சப்ளை (மிஞ்சும் வோல்ற்றை ரெகுலேற்றர் சூடாக்கித் தின்னும் வகை) கட்டுவது. ஓடியோ ஆட்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நொய்ஸ் இல்லை, ரெகுலேற்றர் ஐசி 7812, 7912 எந்தக் கடையிலும் கிடைக்கும், விளங்குவதும் எளிது. நானும் லீனியரை மதிக்கிறவன்தான், ஆனால் சாம்ப்ளருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் 5 வோல்ற். 3 அம்பியர் வேண்டும் என்று வையுங்கள். டிரான்ஸ்போமரின் 9 வோல்ற் சுருளை நேராக்கினால் சுமார் 11 வோல்ற் வரும், ரெகுலேற்றர் தின்ன வேண்டியது 6 வோல்ற், 3 அம்பியரால் பெருக்கினால் 18 வோட்ஸ் சூடு. அது முழுக்க மூடிய பெட்டிக்குள், கண்டென்சர் சாகிற அதே சூட்டுக்குள். 7805 இதற்குக் காணாது, எல்எம்323 அல்லது எல்எம்338 வேண்டும், கூடவே கைப்பிடி அளவுக்கு ஹீற்சிங்கும். சரி, சூட்டைக் குறைக்கச் சுருளின் வோல்ற்றைக் குறைக்கலாம் என்றால் அங்கே நம் கரண்ட் வந்து நிற்கிறது. 180 வோல்ற்றுக்கு இறங்கிய இரவில் அதே 9 வோல்ற் சுருள் தருவது 7 ஏசி, நேராக்கினால் 8 சொச்சம், 10,000 மைக்ரோபரட் போட்டாலும் 3 அம்பியருக்கு அலை இரண்டு மூன்று வோல்ற் இருக்கும், ஆக பள்ளத்தில் மிஞ்சுவது 6க்குக் கீழே. ரெகுலேற்றருக்கு 7 வேண்டும். பெட்டி ரீசெட் ஆகும், மெமரியில் ஏற்றியிருந்ததெல்லாம் பறக்கும், மேடையில் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். டிரான்ஸ்போமரின் காந்தப்புலமும் ஓடியோ போர்டில் 50 ஹேர்ட்ஸ் உறுமலைப் போடும், அதற்காக வெளியே தனிப் பெட்டியில் வைத்தால் தடித்த கேபிளும் இன்னொரு சுமையும்.

லீனியருக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டு டாட் டெக்குகளில் பல, பிறப்பிலேயே லீனியர்தான். அவற்றில் டிரான்ஸ்போமர் நன்றாக இருந்தால் கண்டென்சரையும் ரெகுலேற்றரையும் மாற்றிவிட்டு அப்படியே விடுங்கள், "முன்னேற்றம்" எதுவும் வேண்டாம். டாட் 1987இல் வந்தது, சோனி கடைசி ரெக்கோடரை 2005இல் நிறுத்திவிட்டது, ஹெட்டும் மெக்கானிசமும் சப்ளையை விட வேகமாகத் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அந்த டெக் இனிச் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை: இருக்கிற நாடாக்களை ஒருதரம் ஒழுங்காக ஓட்டிக் கொம்பியூட்டரில் ஏற்றுவது. கூத்து, வில்லுப்பாட்டு, கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாடல் என்று யாரிடமாவது நாடா இருந்தால், டெக்கின் சப்ளை செத்திருந்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மேசைச் சப்ளை ஒன்றிரண்டை இரவல் வாங்கி வெளியிலிருந்து வோல்ற் கொடுத்து ஓட்டி முதலில் பதிவை எடுங்கள். சப்ளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாடா ஈரத்தில் ஒட்டிப்போனால் எந்தச் சப்ளையும் அதைக் காப்பாற்றாது.

கொம்பியூட்டர் ஏடிஎக்ஸ் சப்ளை பற்றியும் பலர் கேட்கிறார்கள். 5, 12, -12 மூன்றும் இருக்கிறது, சும்மாவே கிடைக்கிறது, ஏன் பூட்டக்கூடாது? பெட்டிக்குள் அடங்காது, விசிறி இரையும், புதியவற்றில் -12 பக்கம் 0.3 அம்பியர்தான் இருக்கும். நிரந்தரமாகப் பூட்ட வேண்டாம். ஆனால் பணம் செலவழிக்க முன்னம் மெயின் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று மேசையில் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். ஒவ்வொரு லைனிலும் பியூஸ் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், போர்டில் எங்காவது ஷோட் இருந்தால் இந்தச் சப்ளை இருபது அம்பியரையும் கொட்டிச் செம்பை ஆவியாக்கும்.

அதே மொடலில் பழுதான இன்னொன்றை வாங்கி அதன் சப்ளையைக் கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் கண்டென்சருக்கும் உங்களுடையதுக்கும் ஒரே வயசு. கீ, டிஸ்பிளே, பிளாப்பி போன்ற பாகங்களுக்காக வாங்கினால் வாங்குங்கள்.

இவ்வளவையும் வைத்து நான் எப்படித் தீர்மானிப்பேன் என்றால், பெட்டி 230 வோல்ற் வகை, போர்ட் கருகவில்லை என்றால் கேள்வியே இல்லை, நல்ல கண்டென்சர் எடுப்பித்து ஊரில் திருத்துவிக்கலாம், நம்மிடம் இருக்கும் கைவேலைக்கு அது போதும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ அசையாமல் இருக்கிற 100 வோல்ற் பெட்டி என்றாலும் திருத்தலாம், ஆனால் ஸ்டெப் டவுனைப் பெட்டியோடு நிரந்தரமாகப் பிணைத்து, பிரித்தெடுக்க முடியாதபடி வயரைக் கட்டிவிடுங்கள். மேடைக்கும் திருவிழாவுக்கும் போய் வருகிற 100 வோல்ற் பெட்டி என்றால் பழைய சப்ளை திருத்தக்கூடிய நிலையில் இருந்தாலும் மாற்றுவதுதான் சரி. எங்கள் சாம்ப்ளர் இந்த மூன்றாவது வகை. காக்கா பழைய சப்ளையை ஓடப் பண்ணித்தான் தந்தார், இருந்தும் ஆர்டி-65பியைத்தான் பூட்டினோம். திருத்திய சப்ளையைப் பிளக்கோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு வைத்து, வோல்ற் விபரத்தை எழுதிப் பெட்டியின் பெயரோடு ஒட்டி வைத்திருக்கிறோம். எந்த மாற்றத்தையும் திருப்பி எடுக்க முடிகிற மாதிரிச் செய்யுங்கள், பழைய வயரை வெட்டாதீர்கள், அதே பிளக் வகையைத் தேடி எடுத்துப் புதிய வயரில் பூட்டுங்கள்.

கடைசியாக, போடும் முறை. சப்ளையை மட்டும் முதலில் ஓட்டி, 5 வோல்ற் லைனில் ஒரு சுமை ரெசிஸ்டர் வைத்து மூன்று லைனையும் அளந்து பாருங்கள். பழைய டிடிஎல் வகை டிஜிட்டல் ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வரைதான் எல்லை, ஆகவே சுமையோடு மெயின் போர்டில், சப்ளை முனையில் இல்லை, 5.0க்கும் 5.1க்கும் இடையில் வருமாறு திருகியைச் சரிசெய்யுங்கள். திருத்திய பழைய சப்ளையை முதல்தரம் போடும்போது 60 வோட்ஸ் குண்டு பல்ப் ஒன்றை மெயின்ஸில் தொடராகப் போடுங்கள்: ஒருதரம் மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 325 வோல்ற் நின்றுகொண்டிருக்கும். 2.2 கிலோஓம் 5 வோட்ஸ் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து அதை இறக்கி, மீற்றரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இந்த வேலை பழகாதவர்கள் இதைப் பழகியவரிடம் கொடுங்கள்.

பூட்டி முடிந்ததும் மூடியைப் போட்டு ராக்கில் வைத்து ஒரு பகல் முழுக்க ஓட விடுங்கள், வெயில் ஏறிய நேரத்தில், பிளாப்பியிலிருந்து ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும். அப்படி ஓடும்போது முதல் வேலையாக எல்லாப் பிளாப்பியையும் ஏற்றி, ஒவ்வொரு அடியையும் வாசித்து, வெளியீட்டைக் கொம்பியூட்டரில் பதிந்துகொள்ளுங்கள்.